அப்பாவின் 330 ஓம்

மேசையில் மடிக்கணினிக்கு வலப்புறம் இரண்டு சிறிய கறுப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பது டாப்பிங் இ30 என்னும் டாக். கீழே இருப்பது ஜே.டி.எஸ். லேப்ஸ் தயாரித்த ஆட்டம் (Atom) என்னும் ஆம்ப்ளிஃபயர். கோப்பில் எண்களாகக் கிடக்கும் இசையை மின்னழுத்தமாக மாற்றுவது முதல் பெட்டியின் வேலை. அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்ஃபோனின் கம்பிச்சுருளை அசைக்கும் தெம்பைக் கொடுப்பது இரண்டாவதன் வேலை. நான் வாங்கியபோது இரண்டும் சேர்ந்து சுமார் 230 டாலர். ஹெட்ஃபோன் பிரியர்கள் மேசையில் வைக்கும் கருவிகளில் அப்போது அது ஏறக்குறைய அடிமட்ட விலை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த மூன்று ஆண்டுகளில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் வாரத்தில் கேட்டிருந்தால், கடன் வாங்கியாவது வாங்குங்கள் என்றிருப்பேன். ஆறாவது மாதத்தில், அந்தக் காசுக்கு நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள் என்றேன். இன்று சொல்வது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்பதை விளக்கமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2011-ல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் ஒருவர் ஓ2 என்னும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்து, அதன் சுற்று வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். ஆயிரக்கணக்கான டாலர் பெட்டிகளின் மேல் அவருக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அவர் வசவாகக் கொட்டவில்லை, அளவீடாக வெளிப்படுத்தினார். ஒவ்வொரு உதிரிபாகத்தையும் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பக்கம் பக்கமாக விளக்கினார். 2012-ல் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் யார் என்று இன்றுவரை வெளியில் தெரியாது. அந்த ஓ2-வைக் கட்டி விற்ற நிறுவனங்களில் ஒன்றுதான் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊரிலுள்ள ஜே.டி.எஸ். லேப்ஸ். அது 2018-ல் 99 டாலருக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தது.

நானும் 2013-ல் ஒரு ஓ2 கட்டினேன். சென்னை ரிச்சி தெருவில் பாதிப் பாகங்கள் கிடைத்தன. மீதி தபாலில் வந்தன. அதை எழுதக் காரணம் ஒரு படிப்பினை. ஓ2-வில் ஒலிக்குமிழ், கெய்ன் சுற்றுக்கு, அதாவது உள்ளே வரும் மின்னழுத்தத்தை இத்தனை மடங்கு என்று பெருக்கும் சுற்றுக்கு, பின்னால் இருக்கிறது. இரைச்சலைக் குறைக்க அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தார். அதன் விளைவு என்னவென்றால், டாக்கிலிருந்து 2 வோல்ட் வந்து, கெய்ன் 6.5 மடங்கில் இருந்தால், உள்ளே 13 வோல்ட் தேவைப்படும். அந்தச் சுற்றால் சுமார் 7 வோல்ட்டுக்கு மேல் தர முடியாது. உச்சிகள் வெட்டுப்படும். குமிழைக் குறைத்தால் வெட்டுப்பட்ட ஒலிதான் மெதுவாகக் கேட்கும். நான் ஆறு மாதம் அப்படித்தான் கேட்டேன். மிருதங்கத்தின் வலந்தலைச் சொல்லில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. அதை நான் ‘உயிர்ப்பு’ என்று நினைத்திருந்தேன். குறைந்த கெய்னுக்கு மாற்றிய அன்று முரட்டுத்தனம் போயிற்று, விரல் தெரிந்தது. புதிதாக ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: போதுமான ஒலி வருமானால் குறைந்த கெய்னிலேயே வையுங்கள்.

ஆட்டம் என் கைக்கு வந்தது அக்கா மகன் மூலமாக. அவன் செயின்ட் லூயிஸில் இருக்கிறான். காலின்ஸ்வில் அங்கிருந்து சிறிது தூரம்தான். ஊருக்கு வரும்போது கொண்டுவந்தான். “மாமா, பிளக் நம் ஊர்ச் சாக்கெட்டில் பொருந்தாது. அதற்கு மட்டும் ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள்” என்றான். பொருந்தாதது நல்லதாகப் போயிற்று. அடாப்டரின் அடியில் 120 வோல்ட் என்று போட்டிருந்தது. மடிக்கணினி அடாப்டர் எந்த நாட்டிலும் வேலை செய்கிறதே என்ற பழக்கத்தில் ஒரு மாற்றுப் பிளக்கைச் செருகியிருந்தால், சில நொடிகளில் கருகியிருக்கும். ஆட்டத்துக்கு வேண்டியது 15 வோல்ட் மாறுதிசை மின்சாரம். எனவே அதோடு வருவது ஒரு சாதாரண டிரான்ஸ்பார்மர். எந்த வோல்ட்டுக்குச் சுற்றினார்களோ அந்த வோல்ட்டில்தான் அது பிழைக்கும். நேர்திசை மின்சாரம் தரும் வேறு அடாப்டரை அதன் இடத்தில் வைக்கவும் முடியாது.

முதலில் ரிச்சி தெருவில் 230-ஐ 110 ஆக்கும் பெட்டி ஒன்று வாங்கி ஓட்டினேன். அடாப்டர் கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாகவே சுட்டது. 60 ஹெர்ட்சுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரை நம் 50 ஹெர்ட்சில் ஓட்டினால் இரும்பு உள்ளகத்துக்குப் பளு கூடும். பிறகு 230 வோல்ட்டுக்கென்றே செய்த அடாப்டரை வரவழைத்தேன். அயல்நாட்டிலிருந்து வாங்குவோர் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே மின்னழுத்தத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இ30-யை இங்கேயே ஒரு கடையில் வாங்கினேன், நெடுநாள் காத்திருந்துதான். 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் நொபெயோகா நகரில் ஏ.கே.எம். நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. இ30-யின் உள்ளே இருக்கும் ஏ.கே. 4493 சில்லு அந்த நிறுவனத்துடையது. உலகம் முழுவதும் டாக் தயாரிப்பாளர்கள் கையைப் பிசைந்தார்கள். பலர் போட்டி நிறுவனமான இ.எஸ்.எஸ். சில்லுகளுக்கு மாறினார்கள். ஏ.கே.எம். சில்லின் ஒலி வெல்வெட்டு, இ.எஸ்.எஸ். சில்லின் ஒலி கண்ணாடி என்று அப்போது பலர் சொல்லக் கேட்டேன். அது எனக்கு முக்கியமாகப் பட்டது. காத்திருந்தேன்.

என் ஹெட்ஃபோன் சென்ஹைசர் எச்.டி. 650. மின்தடை 300 ஓம். முதுகு திறந்த வகை. இரண்டு பெட்டிகளையும் இணைத்து முதல் முறை கேட்டபோது நெஞ்சு நிறைந்தது என்றே சொல்ல வேண்டும். பெரியப்பா மிருதங்கம் வாசித்த ஒரு கோயில் கச்சேரியை அப்பா கேசட்டில் பதிவு செய்திருந்தார். அதைக் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அதுவரை கைப்பேசியின் யூ.எஸ்.பி. துளையில் செருகும் ஆப்பிளின் சிறு இணைப்பான் வழியாகக் கேட்டுவந்தேன். அமெரிக்காவில் அதன் விலை 9 டாலர். அதற்குப் பதிலாக இந்த இரண்டு பெட்டிகள் வந்ததும் தம்புரா விரிந்தது. தனியாவர்த்தனத்தில் கூட்டத்தின் சலசலப்பு மண்டபத்தின் அகலத்தைக் காட்டியது. குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன்.

சில மாதம் கழித்து அந்தக் குறிப்புகளைப் படித்தபோது ஒரு கேள்வி உறுத்தியது. அந்த இணைப்பான் உச்சமாக 1 வோல்ட் தரும். இ30 தருவது 2 வோல்ட். அதாவது ஒலியளவில் 6 டெசிபெல் வேறுபாடு. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது ஒலியளவைக் காதால்தான் சரிசெய்தேன். நான் எழுதிய இரண்டு பக்கத்தில் எவ்வளவு டாக்கைப் பற்றியது, எவ்வளவு வெறும் ஒலியளவைப் பற்றியது?

காது ஒரு டெசிபெல் உயர்வைப் பெரும்பாலும் ‘சத்தம் கூடியது’ என்று உணராது. தெளிவு கூடியது, உடல் கூடியது, மண்டபம் விரிந்தது என்றுதான் உணரும். ஆகவே இரண்டையும் ஒரே அளவில் நிறுத்தாமல் செய்த எந்த ஒப்பீட்டையும் நான் இப்போது ஏற்பதில்லை. என்னுடையதையும் சேர்த்து.

அளவைச் சமமாக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மலிவு மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்சை அளக்கச் செய்தவை, பல ஆயிரம் ஹெர்ட்சில் அவை தடுமாறும். எனவே சோதனை ஒலியாக 200 ஹெர்ட்ஸ் சுரத்தை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் இணைந்திருக்கும்போதே ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை அளந்தேன். ஒன்று 300 மில்லிவோல்ட் என்றால் மற்றது 297-க்கும் 303-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த ஒரு சதவீதம்தான் ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்கு. இ30-க்கு ரிமோட் உண்டு. அதன் ஒலியளவைக் குறைத்து, மிச்சத்தை மடிக்கணினியின் இசைச் செயலியில் நேர்த்தியாகச் சரிசெய்தேன்.

பிறகு மகளை உதவிக்குக் கூப்பிட்டேன். இணைப்பானும் டாக்கும் ஒரு தேர்வுப் பெட்டி வழியாக அதே ஆட்டத்துக்குப் போகும்படி கட்டினேன். அவள் நாணயத்தைச் சுண்டி எதை இணைப்பது என்று முடிவு செய்தாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தம்புரா, வீணை, பிறகு அந்தக் கேசட் கச்சேரி. மொத்தம் 20 முறை. வெறும் ஊகத்திலேயே சராசரியாகப் பத்து சரியாகிவிடும்; பதினைந்தோ அதற்கு மேலோ வந்தால்தான் ஏதோ கேட்கிறது என்று நம்ப இடமுண்டு. எனக்கு வந்தது 11.

“போதுமா அப்பா, இன்னொரு சுற்று போகலாமா?” என்றாள். மறுநாள் காலை, தெரு விழிப்பதற்கு முன், இன்னொரு சுற்று போனோம். 9.

மூன்றாம் நாள் அவளிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். டாக்கை மட்டும் ஒரு டெசிபெல் கூட்டி வைத்தேன். எதைக் கூட்டினேன் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது கேட்கும் முறை அவளுடையது. “இதில் வீணை பக்கத்தில் இருக்கிறது” என்று அவள் சொன்னது பெரும்பாலும் டாக்கைத்தான். இருபதில் 17. சத்தம் கூடியிருக்கிறது என்று ஒருமுறைகூட அவள் சொல்லவில்லை.

ஏன் இப்படி என்பதற்குக் கணக்கு எளிது. 16 பிட் குறுந்தகட்டின் இரைச்சல் தளம், அதாவது இசை இல்லாதபோதும் மிஞ்சும் இரைச்சல், கோட்பாட்டளவில், உச்ச ஒலிக்கு 98 டெசிபெல் கீழே இருக்கிறது. இன்றைய மலிவான நல்ல டாக் எதுவும் அந்த எல்லையை ஒட்டியோ அதைத் தாண்டியோ நிற்கிறது. இசையின் உச்சி காதில் 100 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். என் அறையில் மின்விசிறி சுழலும்போது 40 டெசிபெலுக்குக் குறையாது. முதுகு திறந்த ஹெட்ஃபோன் அந்தக் காற்றொலியை அப்படியே உள்ளே விடும். ஆக எனக்குக் கிடைக்கும் இடைவெளி 60. கேசட்டுக்கோ அதன் சொந்தச் சீறல் அதற்கும் மேலே நிற்கிறது. ஒரு டாக் 110-ஐத் தொடுகிறதா 120-ஐத் தொடுகிறதா என்பது என் அறையில் கேட்க முடியாத போட்டி. சில்லின் வெல்வெட்டுக்காக நான் காத்திருந்த மாதங்களுக்குத் தேவை இருக்கவில்லை.

அப்படியானால் பெட்டிகளை விற்றுவிடலாமா? ஆறாவது மாதத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆம்ப்ளிஃபயரின் கணக்கும் அதற்கு ஆதரவாகவே இருந்தது. எச்.டி. 650, 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல் தரும் என்கிறது அதன் தயாரிப்பாளர் குறிப்பு. 300 ஓமில் 1 வோல்ட் என்றால் வெறும் 3.3 மில்லிவாட். நான் கேட்கும் அளவு சராசரியாக 75, உச்சிகள் 95. அந்தச் சிறு இணைப்பானே அதற்குப் போதும். 32 ஓமில் ஒரு வாட் தரும் ஆட்டத்தின் வலு இங்கே சும்மா கிடக்கிறது. 300 ஓம் ஹெட்ஃபோன் ‘பசியோடு இருக்கும்’, பெரிய ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் ‘விழிக்காது’ என்பதெல்லாம் கேட்கப் பெரிதாக இருக்கின்றன; வோல்ட்டும் ஆம்பியரும் அப்படிச் சொல்வதில்லை. காந்தத் தகடு வகை ஹெட்ஃபோன்களில் சில உண்மையாகவே வலு கேட்கும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

விற்காததற்குக் காரணம் வேறு இடத்தில் இருந்து வந்தது. வேலைக்காக ஒரு மேசைக் கணினி வாங்கினேன். அதன் முன்பக்க ஹெட்ஃபோன் துளையில் செருகினால், சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் சில்வண்டு போல ஒரு கீச்சொலி. பக்கத்தை உருட்டினால் வேறு சுருதியில். பெட்டிக்குள் ஓடும் மின்னோட்டங்கள் ஒலிப் பாதையில் கசிகின்றன. இ30-யைக் கணினியோடு ஒளியிழை வழியாக இணைத்தேன். ஒளியிழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. கசிய வழியே இல்லை. அமைதி வந்தது. ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா என்று ஐயப்படும் அமைதி. காதுக்குள் செருகும் நுண்ணுணர்வு ஹெட்ஃபோன்களை ஆட்டத்தில் மாட்டி, இசையில்லாமல் குமிழைக் கூட்டினாலும் சீறல் இல்லை. இதற்குக் காசு கொடுக்கலாம் என்பது என் துணிபு. நான் மதிப்பிடும்போது ஒலியின் அழகுக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டேன். ஒலி இல்லாதபோது என்ன கேட்கிறது என்பதற்குப் போடுகிறேன்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் குமிழ், இரண்டு தடங்களை ஒரே அச்சில் சுழற்றும் சாதாரண வகை. தொடக்கச் சிறு சுற்றில் இரண்டு தடங்களும் ஒத்துப்போவதில்லை. இடப்பக்கம் சற்று உரக்கக் கேட்கும். நுண்ணுணர்வு ஹெட்ஃபோனோடு நள்ளிரவில் மெதுவாகக் கேட்பவர்களுக்கு இது உறுத்தும். டாக்கின் ஒலியளவைக் குறைத்துவிட்டுக் குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. பெட்டி பிளாஸ்டிக்தான், தடித்த கேபிள் இழுத்தால் நகர்ந்து வரும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன்.

இனி அப்பாவின் கதை. அவரிடம் 1980-களின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. என் எச்.டி. 650-ஐ அதில் மாட்டித்தான் அவர் கேட்பார். புதிய பெட்டிகளில் பெரியப்பாவின் கச்சேரியைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பல்லவி முடிவதற்குள் கழற்றிவிட்டார்.

“எல்லாம் சுத்தமாக இருக்கிறது. தொப்பி மட்டும் மெலிந்துவிட்டதே, ஏன்? அண்ணா அப்படி வாசிக்க மாட்டான்.”

என்னிடம் அளவீடுகள் இருந்தன, கண்மூடிச் சோதனை இருந்தது. ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கத்தைப் பற்றிப் பேசியவர், அந்த அண்ணனின் பக்கத்தில் அமர்ந்து நாற்பது ஆண்டு தாளம் போட்டவர். பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தேன். ஹெட்ஃபோன் துளைக்கு முன்னால் இரண்டு மின்தடைகள்: ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. 330 ஓம். ஸ்பீக்கருக்கான சுற்றிலிருந்தே ஹெட்ஃபோனுக்கும் எடுக்கும்போது வலுவைக் குறைக்க அந்தக் காலத்தில் இப்படித்தான் வைப்பார்கள்.

எச்.டி. 650-யின் 300 ஓம் எல்லாச் சுருதியிலும் 300 அல்ல. 80, 90 ஹெர்ட்சை ஒட்டி, அதன் அதிர்தகடு தன்னியல்பாக அதிரும் இடத்தில், சுமார் 500 ஓம் வரை ஏறுகிறது. முன்னால் 330 ஓம் இருந்தால் மின்னழுத்தம் இரண்டுக்கும் இடையே பங்காகிறது. 300 ஓம் உள்ள இடத்தில் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது 48 சதவீதம்; 500 ஓம் உள்ள இடத்தில் 60. வேறுபாடு 2 டெசிபெல். சரியாகத் தொப்பியின் கும்காரம் வாழும் இடத்தில். ஆட்டத்தின் வெளியீட்டு மின்தடை ஏறத்தாழச் சுழியம். எனவே அந்த மேடு அங்கே இல்லை. அப்பாவின் காது சொன்னது முழு உண்மை. அவர் காதில் இருந்த அண்ணாவுக்கு 2 டெசிபெல் கூடுதல் தொப்பி உண்டு. கேசட்டின் ஒலிவாங்கி இழந்ததை அந்த 330 ஓம் திருப்பிக் கொடுத்திருக்கவும் கூடும். அருகிலிருந்து கேட்டவர் அவர்தானே.

மறுவாரம் ரிச்சி தெருவில் இரண்டு 330 ஓம் மின்தடைகளும், ஒரு பிளக்கும், ஒரு சாக்கெட்டும் வாங்கினேன். மின்தடைகளுக்கு ஆன செலவு தேநீர்க் காசுகூட இல்லை. ஒரு சாண் நீளத்தில் இணைப்புக் கம்பி ஒன்று கட்டி, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்றாகப் பற்றவைத்தேன். அது ஒலியில் 6 டெசிபெலுக்குச் சற்று அதிகமாகத் தின்றுவிடும். 9 டாலர் இணைப்பானில் அந்த இழப்பு போனால் மிச்சம் அதிகம் இருக்காது. ஆட்டத்தில் சும்மா கிடந்த வலு இங்கே வேலைக்கு வந்தது. குமிழைச் சற்று மேலே திருப்பினால் போதும்.

அப்பா இம்முறை தனி முடியும்வரை கழற்றவில்லை. இடக்கை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்குச் சரியான அளவு எது என்று தெரிய, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் குமிழின் விளிம்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் கேட்க வரும்போது கம்பியைக் கழற்றிக்கொள்கிறேன். பொட்டு அங்கேயே இருக்கிறது.